தராசு அக்காவும் நாலு தேசிக்காயும்

வெள்ளவத்தையில் நிறுத்துப் பார்க்காத பொருள் ஏதாவது மிச்சம் இருந்தால், அது தராசு அக்காவின் கண்ணில் இன்னும் படவில்லை என்று அர்த்தம். சத்தியமாகப் புளுகவில்லை. அவருடைய கைப்பையில் சீப்பு இருக்காது, குடை இருக்காது. கொக்கி வைத்த வில்லுத்தராசு ஒன்று மட்டும் எந்த நேரமும் இருக்கும். தாய் தகப்பன் வைத்த பெயர் சம்பளத் துண்டோடு சரி. மற்றப்படி முதலாளி முதல் தேத்தண்ணிக் கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவர் தராசு அக்காதான்.

காலி வீதி என்கிற பெரிய றோட்டில் ஒரு புடைவைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் கந்தோர். மொத்தம் ஆறு பேர். ஓடித்திரிகிற றோபோ செய்வது தொழில். அதற்கு எந்த மோட்டர், உருள எந்தச் சில்லு, எந்தப் பற்றரி, எத்தனை ஆணி என்று தெரிவு செய்கிறவர் அக்கா. நான் விளக்கப் புத்தகம் எழுதச் சேர்ந்தவள். முதல் நாள் போய் வணக்கம் சொன்னேன். அக்கா பெயரும் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை. ஊர் கேட்காத யாழ்ப்பாணத்து ஆளை நான் வாழ்க்கையில் அன்றுதான் கண்டேன்.

"நீர் எத்தனை கிலோ?"

"ஏன் அக்கா?"

"றோபோ வந்து இடிச்சா ஆர் விழுறது எண்டு தெரிய வேண்டாமே?"

ஒரு கலியாண வீட்டில் பொம்பிளையின் மாலையைக் கழற்றி வாங்கித் தராசில் கொழுவினார். "ஒண்டே முக்கால் கிலோ. பாவம், பிள்ளையின்ர கழுத்து" என்று மாப்பிள்ளையைப் பார்த்து முறைத்தார். தன் தராசு சரிதானா என்று அவருக்கு அடிக்கடி சந்தேகம் வரும். வந்தால் பஸ் ஏறிப் பேலியகொடை மீன் சந்தைக்குப் போய், அங்கத்தைய பெரிய தராசில் மோட்டரை வைத்துப் பார்ப்பார். ஒருமுறை நானும் கூடப் போனேன். மீன்காரர் அந்த மோட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மிஸ், மே மொன மாளுத?" என்று கேட்டார். இது என்ன மீன் என்கிறார் பாருங்கள்! அக்கா சிரிக்கவில்லை. ஜப்பான் மீன் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு நிறையைக் குறித்துக்கொண்டார்.

எங்கள் முதலாளி ரூபன் அண்ணாவுக்குப் பகட்டு என்றால் உயிர். ஒருநாள் மெல்ல வந்து தொடங்கினார்.

"அக்கா, றோபோவுக்கு ஒரு தலை வைப்பம். கண்ணைச் சிமிட்டட்டும். பாக்கிற சனம் மயங்கோணும்."

"தலை எத்தனை கிலோ?"

"ரெண்டு வருமாக்கும்."

"ரெண்டு கிலோ கூடினா இந்த மோட்டர் காணாது. பெரிய மோட்டர் போடோணும். அது பற்றரியைக் குடிக்கும். பெரிய பற்றரி போடோணும். அது மூண்டு கிலோ. மூண்டு கிலோ கூடினா அந்த மோட்டரும் காணாது. ரூபன், தலையாலதான் இந்தக் கொம்பனி மூடுப்படப் போகுது."

"என்ர தலையாலயோ?"

"றோபோன்ர தலையால."

கடைசியில் தலைக்குப் பதிலாகச் சிரித்த முகம் போட்ட ஸ்ரிக்கர் ஒன்று ஒட்டுவதாக முடிவாயிற்று. அதையும் அக்கா நகைக்கடைத் தராசு ஒன்றில் வைத்துப் பார்த்தார். "மூண்டு கிராம். சரி, ஒட்டுங்கோ."

இப்படிச் சிரித்துக்கொண்டு திரிந்த எங்களுக்குப் போன வருஷம் கையில் வேலை வற்றிப் போயிற்று. வேலை தர ஒரே ஓர் இடம்தான் மிஞ்சியிருந்தது: கொட்டாஞ்சேனையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. வார்டுக்கு வார்டு சாப்பாடு கொண்டு போகிற றோபோ அவர்களுக்கு வேண்டும். "இது சரிவராட்டி மாத முடிவில கந்தோரைப் பூட்டித் திறப்பைக் குடுத்திட்டு வீட்டை போவம்" என்று ரூபன் அண்ணா சொல்லிவிட்டார். பகிடிக்குச் சொன்ன முகம் இல்லை அது. எனக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

அக்கா அந்த ஆஸ்பத்திரித் தட்டம், கோப்பை, தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றையும் நிறுத்தார். நிலம் வழவழப்பு, வாசற்படி எட்டு மில்லிமீற்றர் என்று அளந்தார். சின்னச் சில்லுப் போட்டால் சின்ன மோட்டர் போதும், பற்றரியும் சிறுக்கும். பத்துச் சென்ரிமீற்றர்ச் சில்லு என்று தீர்மானித்தார். கந்தோரில் றோபோ அன்ன நடை நடந்தது.

பரீட்சை நாள் வெள்ளிக்கிழமை. போய்ப் பார்த்தால் ஆஸ்பத்திரி டிரெக்டர் பட்டு வேட்டியில் நிற்கிறார். பக்கத்தில் ஐயர். புது வாகனம் ஆயிற்றே! ஸ்ரிக்கர் முகத்துக்குத் திருநீறு, சந்தனம், குங்குமம். தேங்காய் உடைத்தாயிற்று. பிறகு ஐயர் குனிந்து நாலு சில்லுக்கும் முன்னால் நாலு தேசிக்காய் வைத்தார்.

அக்காவின் முகம் வெளிறியதைக் கண்டேன்.

றோபோ புறப்பட்டது. தேசிக்காயில் முட்டியது. உறுமியது. பீப் பீப் என்று கத்திவிட்டு நின்றுவிட்டது. ஐயர் "இன்னொருக்கா" என்றார். இன்னொருக்காவும் முட்டி நின்றது. புது வாகனம் தேசிக்காயை நசுக்க மாட்டேன் என்றால் அதைவிட அபசகுனம் வேறு என்ன வேண்டும்? டிரெக்டர் நெற்றியைச் சுருக்கினார். முடிஞ்சுது கதை என்று நினைத்தேன்.

ரூபன் அண்ணா லேசுப்பட்டவரா? "சேர், இது விசேஷ சென்சர்! உயிருள்ள எதையும் நசுக்காது. தேசிக்காயும் ஓர் உயிர்தானே!"

டிரெக்டர் உருகிப் போனார். "பாத்தீங்களே ஐயர், ஜீவகாருண்யம்!" என்று றோபோவைக் கைகூப்பிக் கும்பிட்டார். ஐயரும் தலையாட்டினார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இல்லை சேர். அது பொய்."

தராசு அக்கா! ஐயோ, இந்த மனுசி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காதா என்று எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"ஏற ஏலாமத்தான் நிக்குது. சில்லு சின்னன். தெரிவு செய்தது நான். வாசற்படியை அளந்தனான், நிலத்தில என்ன விழும் எண்டு யோசிக்கேல்லை." பிறகு டிரெக்டருக்குப் பின்னால் நின்ற ஆஸ்பத்திரி மேட்ரன் பக்கம் திரும்பினார். "மிஸ், உங்கட வார்டில நிலத்தில என்னென்ன கிடக்கும்?"

மேட்ரன் சிரித்துவிட்டார். "என்ன கிடக்காது எண்டு கேளுங்கோ. செருப்பு, போத்தல் மூடி, சார்ஜர் வயர், தோடம்பழம். போன கிழமை ஒரு ஐயாவின்ர பல்லு செற்."

"பல்லு செற் எத்தனை மில்லிமீற்றர் உயரம்?"

அக்கா பகிடிக்குக் கேட்கவில்லை. மேட்ரனும் விரலால் அளந்து காட்டினார். டிரெக்டர் ரூபன் அண்ணாவை ஒரு பார்வை பார்த்தார், அக்காவை ஒரு பார்வை பார்த்தார். "எத்தனை நாள் வேணும்?" என்று அக்காவிடம்தான் கேட்டார்.

"ரெண்டு கிழமை."

அந்த இரண்டு கிழமையும் கந்தோர் முழுக்கத் தேசிக்காய் மணம். பழுத்தது, காய், பெரிசு, சின்னன் என்று தரம் பிரித்து அக்கா றோபோவை ஏற்றி ஏற்றிப் பார்த்தார். நசுங்கினதை எல்லாம் கரைத்து எங்களுக்குக் குடிக்கத் தந்தார். பல்லுக் கூசி எவருக்கும் பிட்டுக்கூடச் சாப்பிட முடியவில்லை. குழந்தை வண்டிச் சில்லு, சுப்பர் மார்க்கெற் வண்டிச் சில்லு எல்லாம் போட்டுப் பார்த்துக் கழித்துவிட்டு, கடைசியில் சக்கர நாற்காலியின் இருபது சென்ரிமீற்றர் முன் சில்லில் வந்து நின்றார். "பழுதானா ஆஸ்பத்திரி ஸ்ரோரிலயே எடுத்து மாத்தலாம்." அச்சை மட்டும் நாங்கள் கடைந்து போட்டோம். மோட்டர் பெருத்தது, பற்றரி பெருத்தது. எல்லாமாக நாலு கிலோ கூடிற்று. அதை எழுதும்போது அக்காவின் முகம் செத்தவீட்டு முகம்.

மறுபடி கொட்டாஞ்சேனை. மறுபடி ஐயர், மறுபடி நாலு தேசிக்காய். நாங்கள் ஆறு பேரும் சில்லுக்குக் கிட்டக் குனிந்து நின்றோம். றோபோ வந்தது, முட்டியது, ஏறியது, சளக்! முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. சாறு பறந்து ரூபன் அண்ணாவின் கண்ணில் அடித்தது. அவர் கண்ணீர் வடிக்க, ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து டிரெக்டர் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்டு காணாது, நாலு மாடிக்கும் நாலு செய்து தாங்கோ. ஆனா, பிழை எண்டா பிழை எண்டு சொல்லுற இந்தப் பிள்ளைதான் செய்யோணும்."

நாற்பத்தாறு வயதுப் பிள்ளை வெட்கப்பட்டு நிலத்தைப் பார்த்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்காவுக்கு ஜன்னல் பக்கம் விட்டேன். இரண்டு கிழமையாகக் கண்ணோடு கண் மூடாத மனுசி. கொள்ளுப்பிட்டி வர முன்னமே என் தோளில் சாய்ந்து வாயைத் திறந்து நித்திரையாகிவிட்டார். அன்றைக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லையே என்று மனதுக்குள் திட்டினேனே, அந்த வாய்தான். எங்கள் ஆறு பேரின் சோற்றையும் காப்பாற்றின வாய்.

வெள்ளவத்தை வந்தது. கொண்டக்டர் இறங்கச் சொல்லிக் கத்தினான். நான் விரலை உதட்டில் வைத்துக் காட்டி, அவனைக் கிட்டக் கூப்பிட்டு, மெல்லிய குரலில் அடுத்த ஊர் தெகிவளைக்கு இரண்டு டிக்கெற் கேட்டேன்.