பின்னால் தங்கள் டயர், முன்னால் சாலம்மாள் டயர்

மரியே வாழ்க

அதியமான்கோட்டை,
14.9.2024

மதிப்புக்குரிய மாப்பிள்ளை மதியழகன் அவர்களுக்கு,

அத்தை ரோசம்மாள் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் இரத்த அழுத்தமும் கட்டுப்பாட்டில் இருக்கிறோம். பெங்களூரில் தாங்களும் என் மகள் நிர்மலாவும் பேரப்பிள்ளைகளும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். போனில் தாங்கள் "சரிங்க அத்தை, சரிங்க அத்தை" என்று சொல்லிக்கொண்டே யாரிடமோ வெண்டைக்காய் வாங்குவது எனக்குக் கேட்கிறது. கடிதத்தை அப்படிப் படிக்க முடியாது. ஆகவே எழுதுகிறேன்.

தங்கள் மேல் குறை சொல்வதற்காக இந்தக் கடிதம் இல்லை. மாப்பிள்ளையைக் குறை சொல்வது எங்கள் வீட்டு வழக்கமும் இல்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். குறை அங்கங்கே தானாகத் தென்பட்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

பொங்கலுக்கு வந்திருந்தபோது தாங்கள் ஷெட்டுக்குள் போய் நம் ஷெவர்லே காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, நெடுஞ்சாலை ஓட்டல்காரர் ஒருவர் இதைத் தன் கடை வாசலில் அழகுக்கு நிறுத்திவைக்கக் கேட்கிறார் என்று சொன்னீர்கள். பானட்டைக் கழற்றிவிட்டு, எஞ்சின் இருக்கும் இடத்தில் மண் நிரப்பிச் சாமந்தி வளர்ப்பாராம். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துத் துரையிடமிருந்து என் மாமனார் வாங்கிய வண்டி அது. தங்கள் மாமனார் இருந்த வரையில் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய் வந்த வண்டி. நிர்மலா ஞானஸ்நானத்துக்குப் போனதும் அதில்தான். தாங்கள் தாலி கட்டிவிட்டு வீடு வந்ததும் அதில்தான். அன்றைக்குத் தாங்கள் அதைப் பழைய இரும்பு என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. இதையெல்லாம் நான் அப்போது சொல்லவில்லை. "அது ஓடுகிற வண்டி" என்று மட்டும் சொன்னேன். தாங்களும் சிரித்துக்கொண்டே, "சரிங்க அத்தை. மாதா திருவிழாவுக்கு அது தன் சக்கரத்துல ஓடிக் கோயில் வாசலுக்கு வந்துட்டா, ஓட்டல் பேச்சை நான் எடுக்கவே மாட்டேன். வரலைன்னா நீங்க விட்டுடணும்" என்றீர்கள். நிர்மலா சாட்சி. நான் சம்மதித்தேன்.

எஞ்சின் எந்தத் தொல்லையும் கொடுக்கவில்லை. நம் டிரைவர் மாதையன் புது பேட்டரி போட்டு, எதையோ துடைத்து, எதையோ முறுக்கி, அதற்கு மட்டும் கேட்கிற குரலில் கன்னடத்தில் ஏதோ சொன்னதும் அது இருமிக்கொண்டு எழுந்துவிட்டது. தொல்லை முழுவதும் டயரில்தான். பழைய டயர்கள் வறண்ட ஏரி போல வெடித்துக் கிடந்தன. மாதையன் காற்றடித்துப் பார்த்தான். ஒன்று வாங்கிய காற்றை உடனே திருப்பிக் கொடுத்தது. இன்னொன்று வாங்கவே மறுத்தது. இதை நான் நிர்மலாவிடம் சொல்ல, அவள் தங்களிடம் சொல்ல, தாங்களும் பெருந்தன்மையாக, அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நான்கு புது டயர்களை அங்கிருந்து அனுப்பிவைத்தீர்கள். மிக உயர்ந்த ரகம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பதினாறு அங்குலம் என்ற எண்ணும் சரியாகவே இருந்தது. ஆனால் மாப்பிள்ளை, செருப்பு வாங்கும்போது நீளம் பார்ப்பதுபோல் அகலமும் பார்க்க வேண்டும் அல்லவா? மாட்டி முடித்து மாதையன் ஸ்டியரிங்கைத் திருப்பினான். முன் டயர்கள் மட்கார்டில் போய் முட்டிக்கொண்டு நின்றன. "நேரா போனா பிரமாதமா போவுதுங்கம்மா. திரும்பறதுக்குத்தான் மாட்டேங்குது" என்றான். நம் வீட்டிலிருந்து கோயிலுக்குப் போக இரண்டு திருப்பம் இருக்கிறது. திருப்பமில்லாமல் போக வேண்டுமென்றால் நெடுஞ்சாலையில் ஏறிச் சேலத்துக்குத்தான் பூசை காணப் போக வேண்டும். அதுவும் முடியாது, தொப்பூர் கணவாயில் வளைவு வந்துவிடும்.

ஆகவே நானே புறப்பட்டேன். நெடுஞ்சாலையில் குப்புராஜ் என்பவர் டயர் கடை வைத்திருக்கிறார். லாரி டயர்களை என் உயரத்துக்கு மேல் அடுக்கிவைத்திருக்கிறார். "வாங்க ஆயா, உக்காருங்க" என்று ஒரு டயரைக் காட்டினார். நான் உட்காரவில்லை. எங்கள் கன்னியர் மடத்துப் பள்ளியில் ஆயா என்றால் கூடம் பெருக்குகிறவர் என்றும், என்னை அம்மா என்றே அழைக்கலாம் என்றும் அவருக்கு எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "சரிங்க ஆயா" என்றார். பிறகு எனக்கு வேண்டியதைச் சொன்னேன். நான்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பழைய டயரில் இருந்ததுபோல் ஓரத்தில் வெள்ளை வளையம் வேண்டும். ஓடும்போது சத்தம் கூடாது. சின்னக் கல்லுக்கெல்லாம் குதிக்கக் கூடாது. சீக்கிரம் தேயவும் கூடாது. குப்புராஜ் மாதையனைப் பார்த்து, "என்னா மாதண்ணா, ஆயா டயர் பாக்க வந்தாங்களா, மருமவ பாக்க வந்தாங்களா?" என்றார். மாதையன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

அந்த அளவில் இப்போது காருக்கு டயர் வருவதில்லையாம். வெளிநாட்டிலிருந்து தருவிக்கலாம், திருவிழா போய்க் கிறிஸ்துமஸ் வந்துவிடும். "டிராக்டரு முன் சக்கரத்துக்கு மட்டுந்தாங்க இந்த சைசு ஓடுது. அச்சு அசலா உங்க வீலுக்கு உக்காந்துக்கும்" என்றார். அதன் படத்தைக் காட்டினார். நடுவில் மூன்று தடித்த வரப்பு. உழவுக்குப் போகிற டயரில் நான் திருவிழாவுக்குப் போவதா? வேண்டவே வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன். "அதுவும் இப்ப ஸ்டாக் இல்லீங்க ஆயா" என்றார் குப்புராஜ். இல்லாத பொருளை மறுத்துவிட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

நான் வந்து சேர்வதற்கு முன்னால் பேச்சு வந்து சேர்ந்துவிட்டது. எதிர்வீட்டுச் சாலம்மாளைத் தங்களுக்குத் தெரியும். தாங்கள் வரும்போதெல்லாம் கேட்டைத் திறக்கவிடாமல் டிராக்டரை நிறுத்திவைத்திருப்பாளே, அவள்தான். கேட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்கக்கா, டிராக்டர் டயரு உங்க காருக்கு ஆவாதாமா?"

"யார் சொன்னது சாலம்மா?"

"ஊரே சொல்லுது. உங்க வூட்டு ராகி களிக்கு டிராக்டர் ஆவும், காருக்கு ஆவாதா?"

"நான் டிராக்டரைக் குறை சொல்லவில்லை. டயரின் தோற்றத்தைச் சொன்னேன்."

"தோத்தத்தைப் பாத்தா நாங்க உழுவறோம்?" என்று கேட்டுவிட்டு, தன் டிராக்டரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தானாகவே, மழை இல்லாமல் டிராக்டர் சும்மாதான் நிற்கிறது, முன் டயர் இரண்டையும் கழற்றித் தருகிறேன், திருவிழாவுக்குப் போய்விட்டு வாருங்கள் என்றாள். அதற்கு ஒரு நிபந்தனை வைத்தாள். "ஆனா முன்சீட்டுல நாந்தான் உக்காருவேன். மாதாவுக்கு நான் ஒரு மெழுகுவத்தி வேண்டிக்கிட்டு ரொம்ப நாளாச்சு. பஸ்ஸுல போயி ஏத்தறதுக்கு மனசு வரல." முன்சீட் தங்கள் மாமனார் உட்காரும் இடம். அவருக்குப் பிறகு அதில் என் கைப்பையைக்கூட நான் வைத்ததில்லை. உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு யோசித்தேன். வழிநெடுகப் பேசிக்கொண்டே வருவதில் அவருக்கும் சாலம்மாளுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. வெளியே வந்து சரி என்றேன்.

பின் சக்கரத்துக்கு என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. டிராக்டரின் பின் டயரைப் போட்டால் கார் கோபுரம்போல் நிற்கும். அப்போதுதான் எனக்கே தோன்றியது: பின் சக்கரம் எந்த வண்டியிலும் திரும்புவதில்லை. திரும்ப வேண்டாத இடத்தில் தங்கள் டயருக்கு என்ன குறை? ஆகவே பின்னால் தங்கள் டயர், முன்னால் சாலம்மாள் டயர் என்று முடிவாயிற்று. குப்புராஜ் மாட்டிக்கொடுத்துவிட்டு வண்டியை எட்ட நின்று பார்த்தார். "ரெண்டு சம்பந்தி வூட்டையும் ஒண்ணா உக்கார வச்ச மாதிரி இருக்குதுங்க ஆயா" என்றார். நான்கும் ஒரே மாதிரி தெரிவதற்காக, கேட்டுக்கு வாங்கியிருந்த வெள்ளைப் பெயிண்டில் மாதையனை வளையம் போடச் சொன்னேன். முதலில் போட்டது முட்டை வடிவத்தில் இருந்தது, அழிக்கச் சொன்னேன். கடைசியில், பக்கத்தில் வராதவர்களுக்கு நன்றாகவே இருந்தது.

திருவிழா அன்று நான் என் சாம்பல் நிறப் பட்டு, சாலம்மாள் மாம்பழ நிறம், மாதையன் இஸ்திரி போட்ட சட்டை. வண்டி சத்தம் போடவில்லை என்று எழுத ஆசைதான். மாவு மில்லை மடியில் வைத்துக்கொண்டு போவதுபோல் இருந்தது. தார்ச் சாலையில் ஒழுங்காகத்தான் வந்தது. சாலம்மாளின் கொல்லைக்காட்டு ஓரம் மண் பாதையில் இறங்கியதும் முன் சக்கரம் இரண்டும் ஏர் கிழித்த சால் தடத்தைத் தேடிப்போய் உட்கார்ந்துகொண்டன. "பாத்தீங்களா, அதுங்களுக்கு வூடு தெரியுது" என்றாள் சாலம்மாள். மாதையன் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டே, "நீ பேச்சை நிறுத்து சாலம்மக்கா, அது உன் குரலைக் கேட்டுத்தான் அங்கியே போவுது" என்றான். எப்படியோ மேலேறி, இரண்டு திருப்பமும் திரும்பி, முதல் மணி அடிப்பதற்கு முன்னால் கோயில் வாசலில் போய் நின்றோம். பேண்டு வாசிக்கிறவர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பங்குத்தந்தை வெளியே வந்து வண்டியின் மேல் தீர்த்தம் தெளித்தார். முன் டயரைக் குனிந்து பார்த்துவிட்டு, அதற்கு மட்டும் இன்னொரு தடவை தெளித்தார். மாதையன் கதவைத் திறந்துவிட்டு, "எறங்குங்கம்மா, வண்டி ஜெயிச்சிருச்சுங்க" என்றான். நான் அவசரப்படாமல் இறங்கினேன்.

ஆகவே மாப்பிள்ளை, வண்டி தன் சக்கரத்தில் ஓடிக் கோயில் வாசலுக்கு வந்தது. தாங்கள் கொடுத்த வாக்குப்படி ஓட்டல்காரரிடம் பேசி, சாமந்தியைத் தொட்டியில் வளர்த்துக்கொள்ளும்படி சொல்லிவிடுங்கள். ஷெவர்லே ஓடுகிற வண்டி. அது யார் வாசலிலும் வேடிக்கைப் பொருளாக நிற்காது. இப்போது அது பத்திரமான இடத்தில் இருக்கிறது. நானும் நிம்மதியாக இருக்கிறேன். இரவில் நன்றாகத் தூங்குகிறேன். பல நாட்களுக்குப் பிறகு சாப்பாட்டிலும் ருசி தெரிகிறது.

மாதா தங்களையும் நிர்மலாவையும் பிள்ளைகளையும் தன் நிழலில் வைத்துக்கொள்வாளாக. பெரிய பேரனை ஆங்கிலத்தில் கையெழுத்துப் பழகச் சொல்லவும்; அவன் அனுப்பிய வாழ்த்து அட்டையை மருந்துச் சீட்டு என்று நினைத்துவிட்டேன்.

என்றும் தங்கள் நலம் நாடும் அத்தை,
ரோசம்மாள்

பி.கு.: எழுதியதை மறுபடி படித்துப் பார்த்தேன். பொய் எதுவும் இல்லை. ஆனால் பாதியில் நிறுத்திய உண்மையையும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும் என்பார் எங்கள் மதர் சுப்பீரியர். ஆகவே மீதியையும் எழுதிவிடுகிறேன். வண்டி கோயிலுக்குப் போனது. இன்னும் திரும்பி வரவில்லை. பூசை முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நல்ல மழை. மெழுகுவத்தியை ஏற்றிய கையோடு சாலம்மாள், "ஈரம் காயறதுக்குள்ள கொள்ளு வெதைக்கணுங்கக்கா" என்று சொல்லி, அங்கேயே முன் சக்கரங்களைக் கழற்றவைத்து டயர்களைக் கொண்டுபோய்விட்டாள். அவள் டிராக்டர் இப்போது வெள்ளை வளையத்தோடு உழுகிறது. அழித்துத் தரட்டுமா என்று மாதையன் கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டாளாம். கார் கோயில் வளாகத்து வேப்பமரத்தடியில், முன்னால் செங்கல்லிலும் பின்னால் தங்கள் டயரிலும் நிற்கிறது. மறுநாள் யாரும் அதன் மேல் ஏறிவிடக் கூடாதென்று பூசை முடிந்ததும் நானே உள்ளே போய் உட்கார்ந்தேன். தூறல் போட்டது, பாடல் குழுப் பெண்கள் இரண்டு பேர் ஏறிக்கொண்டார்கள். அதற்கு மறுநாள் அவர்கள் தூறல் இல்லாமலே வந்தார்கள். இப்போது காலைப் பூசைக்குப் பிறகு பின்சீட்டில் இடம் பிடிக்க வேண்டியிருக்கிறது. கொல்லையிலிருந்து சாலம்மாளும் வந்துவிடுகிறாள். கால் கழுவிவிட்டுத்தான் முன்சீட்டில் ஏற விடுகிறேன். வண்டியை எப்போது எடுப்பீர்கள் என்று கேட்க வந்த பங்குத்தந்தை, ஸ்டியரிங் பக்கம் இடம் இருந்ததால் உட்கார்ந்தார், பேச்செல்லாம் கேட்டுவிட்டுப் போனார், பிறகு கேட்கவில்லை. ஓட்டல்காரரிடம் தாங்கள் பேசும்போது, காலை எட்டு மணிக்குக் கோயில் வளாகத்துக்கு ஐந்து காபி அனுப்ப முடியுமா என்று விசாரிக்கவும். எனக்குச் சர்க்கரை வேண்டாம். டயர் விஷயத்தில் தாங்கள் இனி சிரமப்பட வேண்டாம். அவசரம் எதுவும் இல்லை.