ரேணுகாம்பாள் படத்துக்கு மாலை போட்ட விவகாரம்

வேங்கிக்கால், திருவண்ணாமலை
11-8-1997

மைத்துனன் காசிக்கு,

உன் அக்காள் புருஷன் இராமலிங்கம் எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் தூரிகைகளும் ஜன்னலில் தெரியும் மலையும் சுகம். இருபத்திரண்டு நாளாக உன் வீட்டில் உட்கார்ந்திருக்கும் உன் அக்காள் சுகமா என்று நான் கேட்கப் போவதில்லை. அவளை அனுப்பிவை என்று மட்டும் சொல்கிறேன்.

நடந்ததை நீ ஊரெல்லாம் உன் இஷ்டத்துக்குச் சொல்லிவிட்டாய். என் பக்கத்தையும் கேள். கீழ்பென்னாத்தூர் பஜாரில் என் அப்பா காலத்திலிருந்து எங்களுக்கு என்ன தொழில்? ஒருவர் இறந்தால் பதினாறாம் நாள் காரியத்துக்குள் அவர் முகத்தைப் பெரிதாக வரைந்து கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுப்பது. கல்யாண போட்டோவில் மூன்றாவது வரிசையில் கட்டைவிரல் நகம் அளவுக்குத் தெரிகிற தலையைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். மூடியிருந்த கண்ணைத் திறந்திருக்கிறேன். பல் இல்லாதவருக்குப் பல் வைத்திருக்கிறேன். சட்டையே போடாமல் வாழ்ந்தவருக்கு கோட்டு மாட்டியிருக்கிறேன். எந்தப் பள்ளிக்கூடத்திலும் இதை நான் கற்கவில்லை. இதுவரை படத்தில் இருக்கும் ஒருவரும் வந்து பிழை சொன்னதுமில்லை. அவர்களால் வர முடியாது என்பது எனக்குத் தெரியாமலும் இல்லை.

அதுதான் காசி, என் குறை. மத்தியானத்தில் கண் அசந்தால் ஒரே கனவு வரும். நான் வரைந்தவர்கள் எல்லாரும், நான் வரைந்த சட்டையோடும் கோட்டோடும், சத்தமில்லாமல் கடைக்குள் வருவார்கள். அவரவர் படத்துக்கு முன்னால் நிற்பார்கள். ஒருவர் திரும்பி என்னைப் பார்த்து வாயைத் திறப்பார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்து மின்விசிறி சுற்றும், விழித்துக்கொள்வேன். நன்றாக இருக்கிறது என்று சொல்ல வந்தாரா, காது சரியில்லை என்று சொல்ல வந்தாரா என்பது இன்றுவரை தெரியாது.

ஆகையால்தான் இந்த அறுபத்தொன்றாவது வயதில் கடையை இங்கே தூக்கி வந்தேன். கலெக்டர் ஆபீஸ் பக்கம் புது வீடுகள் எழும்புகின்றன, உயிரோடு இருப்பவர்கள் நிறையப் பேர் நடமாடுகிற இடம். வாடகைக்குப் பிடித்த கூடத்தில் சுண்ணாம்பு அடித்து, "உயிர்ச் சித்திரக்கூடம்" என்று பலகை எழுதி மாட்டினேன். பன்னிரண்டு படங்கள். எதிர் டீக்கடை வேடியப்பன், பூக்காரி மணியம்மாள், இந்தத் தெருவில் தினம் போகிற வருகிற முகங்கள், நடுச்சுவரில் உன் அக்காள் ரேணுகாம்பாள். யாரையும் உட்கார வைத்து வரையவில்லை. திடீரென்று தங்கள் முகத்தைப் பார்த்து மலைக்கட்டும் என்று எல்லாவற்றையும் மனசிலிருந்தே வரைந்தேன். கூரையில் பதித்த கண்ணாடி வழியாக வெயில் தட்டு மாதிரி ஒரு வட்டமாக விழும். அது மெல்ல நகர்ந்து ஒவ்வொரு முகத்திலும் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகும். அந்த நேரத்தில் இந்தக் கூடம் தரையில் இருக்கிறதா, தண்ணீரில் மிதக்கிறதா என்றே சந்தேகமாக இருக்கும்.

திறப்பு விழா அன்று விடியற்காலையில் படங்களை மாட்டினேன். மாட்டிய பிறகு என்ன செய்வேன்? நாற்பது வருஷமாக என்ன செய்தேனோ அதைத்தான் செய்தேன். கண்ணாடியில் நெற்றிக்கு நேராகச் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தேன், மாலை போட்டேன், மேலே ஒரு சின்ன சிவப்பு பல்பு எரியவிட்டேன். பித்தான் வைக்காத சட்டையைத் தையற்காரன் கொடுப்பானா? அதுபோலத்தான்.

முதலில் வந்தவன் வேடியப்பன். "என்னங்க பெரியவரே, நேத்து உங்களுக்கு டீ குடுத்தது யாரு? என் ஆவியா?" என்றான். பின்னாலேயே வந்த மணியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "பன்னெண்டு மாலை ஒண்ணா கேக்கறப்பவே நெனச்சேன், இந்த வாரம் ஊர்ல சாவு ஜாஸ்தின்னு! நான் கட்டின மாலைய எனக்கே போட்டுட்டியே!" மற்றவர்களும் வந்தார்கள், பார்த்தார்கள். அவரவர் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார்கள்.

அப்போதுதான் கலெக்டரிடம் மனு கொடுக்க வந்த உங்கள் ஊர்க்காரர் ஒருவர் எட்டிப்பார்த்திருக்கிறார். நடுச்சுவரில் ரேணுகாம்பாள், மாலை, எரிகிற பல்பு. உள்ளே வந்து ஒரு வார்த்தை கேட்டாரா? நேராக டெலிபோன் பூத்துக்கு ஓடிவிட்டார். உச்சி வெயிலில் நீ ஒரு வேன் நிறைய ஆட்களோடு, ரோஜா மாலையும் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையுமாக, "அக்கா!" என்று அலறிக்கொண்டு இறங்கினாய். காலையிலிருந்து பின்கட்டில் பலகாரம் செய்துகொண்டிருந்த உன் அக்காள் தண்ணீர்ச் சொம்போடு பக்கவாசல் வழியாக வெளியே வந்தாள்.

"யார்றா செத்தாங்க?"

"நீதாங்க்கா."

அவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். பல்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சொம்பை வைத்தாள். அழ வந்த வேன், செத்தவளை முன் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு திரும்பிப் போனது. நாற்பது வருஷத் தொழிலில் இப்படி ஒரு ஊர்வலத்தை நான் பார்த்ததில்லை.

ஒன்று கேட்கிறேன். மேடையில் உட்கார்ந்திருக்கும் மந்திரிக்கு மாலை போட்டால் மரியாதை, உன் அக்காள் படத்துக்குப் போட்டால் மட்டும் சாவா? வெளிச்சம் கம்மியான சுவருக்கு பல்பு வேண்டாமா? நான் மாலையைக் கழற்ற மாட்டேன். தப்பு செய்தவன்தான் கழற்றுவான்.

என் வருத்தம் வேறு. பன்னிரண்டு பேரில் ஒருவரும் முகத்தைப் பார்க்கவில்லை காசி. மாலையைத்தான் பார்த்தார்கள். இப்போது நான் ஒருவன்தான் நடுச்சுவருக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். மலைக்காற்றில் மாலை ஆடும்போது அவள் தாடையைச் சற்றே தூக்கி ஏதோ சொல்ல வருவதுபோல இருக்கும். நானும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பேன். என் ஆயுளில் அதைவிட நல்ல படம் நான் வரைந்ததில்லை. உன் அக்காள் ஒரே ஒரு தரம் வந்து அதன் முன்னால் நின்று, "ஆமா, நான்தான்" என்று சொல்லட்டும். எனக்கு அது போதும்.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் அண்ணாமலையார் கண்ணையும் புத்தியையும் குறைவில்லாமல் கொடுக்கட்டும். உனக்கு அதில் சற்றுக் கூடுதலாகவே கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
தவறு செய்யாத
இராமலிங்கம்

பி.கு.: இதைத் தபால்பெட்டியில் போடக் கதவைத் திறந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி உன் அக்காள் பையோடு நிற்கிறாள். நேராகப் போய்ப் படத்தின் முன்னால் நின்றாள். வெயில் வட்டம் முகத்தைக் கடந்து போகும்வரை பார்த்தாள். பிறகு சொன்னாள்: "இது எங்கம்மாங்க."

"என்ன உளறுற?"

"எங்கம்மா மூக்கு, எங்கம்மா தாடை. முப்பத்தஞ்சு வருசமா எதிர்ல நின்னு சோறு போடறேன், என் மூக்கு எப்பிடி இருக்கும்னு தெரியலையா உங்களுக்கு?"

அவளைப் பார்த்தேன், படத்தைப் பார்த்தேன். உன் தாயாரின் பதினாறாம் நாளுக்கு நான் வரைந்த முகம்தான், சந்தேகமில்லை. ஆகவே சந்தனம், மாலை, பல்பு எல்லாம் முறைப்படி உரியவருக்கே போடப்பட்டிருக்கின்றன, என் மேல் ஒரு பிழையும் இல்லை. நீ வந்து உன் தாயார் படத்தை எடுத்துக்கொண்டு போ. உன் அக்காளை அனுப்ப வேண்டியதில்லை. எதிரே ஸ்டூலில்தான் உட்கார்ந்திருக்கிறாள். முகத்தை ஆட்டாதே என்றால், "அதான் பாத்துட்டீங்கள்ல, இன்னும் எவ்ளோ நேரம்?" என்கிறாள். நான் இன்னும் மூக்குக்கே வரவில்லை.