முப்பத்தாறு சாரின் நீலப் புள்ளிகள்

அக்னி நட்சத்திரத்தில், அதுவும் திருவண்ணாமலையில், மங்கி குல்லா மாட்டிக்கொண்டு திரிந்த மனிதர் உலக சரித்திரத்திலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் வேங்கிக்கால் காம்பவுண்டில் கீழ் போர்ஷனில் குடியிருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும். எங்களுக்கு அவர் முப்பத்தாறு சார்.

கல்லூரியில் விலங்கியல் பாடம் நடத்திவிட்டு, மிச்ச நேரமெல்லாம் ஒரு கடல் பிராணியைக் கட்டிக்கொண்டு அழுதார். சீ ஸ்க்விர்ட் என்பார். பாறையில் ஒட்டிக்கொண்டு, தொட்டால் தண்ணீர் பீய்ச்சும். வளர்ந்த பிறகு சுத்த சோம்பேறி. குட்டியாக இருக்கும்போது மட்டும் தலைப்பிரட்டை மாதிரி வாலை ஆட்டி நீந்துமாம். அந்த வாலில் தசை செல்கள் மொத்தம் முப்பத்தாறு. இதை அவர் பால்காரர் உட்பட ஒருத்தரிடமும் சொல்லாமல் விட்டதில்லை.

"ஒண்ணு கம்மி ஆவாது, ஒண்ணு ஜாஸ்தி ஆவாது! முப்பத்தாறுன்னா முப்பத்தாறு!" என்று கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடம் ஒருநாள் கத்தினார்.

"அதெல்லாம் சரி சார், ஓடிபி சொல்லுங்க" என்றார் அவர்.

கடலே இல்லாத ஊரில் கண்ணாடித் தொட்டி வைத்து ஏழெட்டுப் பிராணிகளை வளர்த்தார். அதுகளுக்கு நம் ஊர் சூடு ஆகாது. ஆகவே ஏசி இருபத்துநாலு மணி நேரமும் பதினெட்டில் ஓடும். அதனால்தான் மங்கி குல்லா. உள்ளே போட்டதை வெளியே வரும்போது கழற்ற மறந்துவிடுவார்.

மே மாதம் பிறந்ததும் எங்களுக்கெல்லாம் விஞ்ஞானத்தில் திடீர் ஆர்வம் வந்துவிட்டது. கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தாவான நான், எதிர் வீட்டுக் குருக்கள், மாடி போர்ஷனில் இருந்த கடலை மண்டி முருகேசன், மூன்று பேரும் அந்த அறையில்தான் பழியாய்க் கிடந்தோம். சும்மா விடுவாரா? பாடம் நடத்தினார்.

"அம்மாக்காரி முட்டையோட ஒரு மூலையில ஒரு சேதி வெச்சுட்றா. முட்டை ரெண்டாவுது, நாலாவுது, எட்டாவுது. எந்த செல்லுங்களுக்கு அந்த சேதி போய்ச் சேருதோ, அதுங்க தசையா ஆவுது. அந்த ஜீனுக்குப் பேரு மாச்சோ."

"பேரே வாட்டசாட்டமா இருக்கே!" என்றார் குருக்கள்.

இப்படி ஜாலியாகப் போய்க்கொண்டிருந்தபோது இடி விழுந்தது. சாருடைய டாக்டர் பட்ட ஆராய்ச்சி ஏழு வருஷமாக இழுத்துக்கொண்டிருந்தது. மாதக் கடைசிக்குள் முடிவைக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து என்று சென்னையிலிருந்து அவருடைய கைடு சொல்லிவிட்டார். அது மட்டுமல்ல, சார் எண்ணினால் செல்லாதாம். விஷயம் தெரியாத வேறு யாராவதுதான் எண்ண வேண்டுமாம். விஷயம் தெரியாதவர்கள் வேண்டுமென்றால் எங்களைவிடத் தகுதியானவர்கள் யார்?

சென்னையிலிருந்து ஸ்லைடு பெட்டி வந்தது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வாலில் தசை செல்கள் மட்டும் நீலப் புள்ளிகளாகத் தெரியும். எண்ணி எழுத வேண்டும், அவ்வளவுதான். முருகேசன் மண்டிப் பழக்கத்தில் "லாபம், ரெண்டு, மூணு" என்று ஆரம்பித்தார். குருக்கள் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நமஹ போட்டார். சார் பக்கத்திலேயே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தபடி எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் சாயங்காலம் மூன்று பேருடைய தாள்களையும் வாங்கி, பெட்டியோடு வந்த பட்டியலோடு ஒத்துப் பார்த்தார். எல்லா ஸ்லைடுக்கும் முப்பத்தாறு. முதல் ஸ்லைடிலிருந்து கடைசி ஸ்லைடு வரை முப்பத்தாறு.

சார் துள்ளிக் குதிப்பார் என்று காத்திருந்தோம். அவர் குல்லாவைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது.

"சென்னையில பாதி முட்டையில அந்த மாச்சோ சேதிய வேலை செய்ய வுடாம நிறுத்தி வெச்சிருக்காங்க. அதுல எண்ணிக்கை குறையணும். குறையலன்னா நான் ஏழு வருஷமா சொன்னது அத்தனையும் தப்புங்க" என்றார் மெதுவாக.

நான்தான் முதலில் உண்மையைக் கக்கினேன்.

"சார்... எனக்குப் பாதிக்குப் பாதி எட்டுதான் தெரிஞ்சுது. உங்க வேலை கெட்டுப்போச்சோன்னு நெனச்சேன். நீங்க வேற மூஞ்சையே பாத்துனு இருந்தீங்களா, மனசு வரல. முப்பத்தாறுன்னு போட்டுட்டேன்."

முருகேசன் தலையைச் சொறிந்தார். "நானும் அப்படித்தான் சார்."

"எனக்கும் ஏழு, எட்டுதான் வந்துது. ஒரு ஜீவனுக்குக் குறை சொல்லப்படாதேன்னு..." என்று இழுத்தார் குருக்கள்.

"எட்டா!" என்று அலறிய சார், பூஜைக்குக் கிளம்பி நின்ற குருக்களை அப்படியே கட்டித் தூக்கினார்.

"ஸ்நானம் பண்ணிட்டு வந்திருக்கேன் சார், விடுங்கோ!"

விட்டவர் அடுத்த நிமிஷம் எங்களைக் கிழித்தார். "பொய்யா எழுதினீங்க? எனக்காகவா? உங்கள யாருங்க கேட்டது?" அந்தச் சாது மனிதரின் வாயிலிருந்து அத்தனை வசவு வரும் என்று அன்றுதான் தெரிந்தது. தாள்களைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டார். கெடுவுக்கு இரண்டே நாள்தான் இருந்தது.

மறுநாள் காலையில் முருகேசனின் மச்சானைக் கீழ்பென்னாத்தூரிலிருந்து வரவழைத்து, ஸ்லைடுகளைக் கலைத்துப் புது எண் ஒட்டி, பழைய எண்ணைத் தனியாக ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளச் சொன்னார். எது எதுவென்று இப்போது சாருக்கே தெரியாது. பிறகு எங்களை ஏசி அறையில் உட்கார வைத்துவிட்டு, தான் முற்றத்து வெயிலில் நாற்காலியைப் போட்டு, காம்பவுண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

நான் ஜன்னலைத் திறந்தேன். "சார், கொளுத்துது! உள்ள வாங்க!"

"வரமாட்டேன்! என் மூஞ்சிய பாத்தா மறுபடியும் பொய் எழுதுவீங்க!"

இரண்டு நாள் அப்படியே உட்கார்ந்திருந்தார். நாங்கள் கண் வலிக்க எண்ணினோம். பாதிக்கு முப்பத்தாறு. மீதிக்கு ஏழு, எட்டு, ஒன்பது. ஒவ்வொரு முறையும் எட்டு என்று எழுதும்போது என் கை தயங்கியது. ஆனால் எழுதினேன்.

சார் டாக்டர் பட்டம் வாங்கி, கடலோர ஊர் ஒன்றில் வேலை கிடைத்துப் போய்விட்டார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். எவ்வளவு என்று கேட்டால் இதுதான் சொல்வேன்: இன்றைக்கு அவர் வந்து எதிரே உட்கார்ந்து எண்ணச் சொன்னாலும், அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் எட்டு என்று எழுத முடியாது.