ஓடில்லாத முட்டை

"முட்டைப் பையை மடியில வச்சுக்கங்கன்னு சொன்னேன். அது மேல கையை ஊனித் தூங்கவா சொன்னேன்?"

பேருந்தை விட்டு இறங்கியதும் அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். கணவரின் கால்சட்டையில் மஞ்சள் கரு முழங்கால் வரை வழிந்திருந்தது.

எட்டு வருடமாகத் தற்காலிக உயிரியல் ஆசிரியை. இன்றைய மாதிரிப் பாடம் தேறினால் வேலை நிரந்தரம். வயது வரம்பைப் பார்த்தால் இதுதான் கடைசி வாய்ப்பு. அதற்காக இரண்டு முட்டைகளை வினிகரில் ஊறவைத்து ஓட்டைக் கரைத்திருந்தாள். தண்ணீரில் போட்ட முட்டைக்குள் சவ்வு வழியே நீர் புகுந்து, பந்தாக உப்பியது. சர்க்கரைப் பாகில் போட்டதிலிருந்து நீர் வெளியேறி, அது சுருங்கியது. உப்பியதுதான் இப்போது கால்சட்டையில்.

பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில், சுருங்கிய முட்டையை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டாள். "இதையாவது உப்ப வைப்போம்."

பத்து நிமிடம் ஆகியும் அது அசையவில்லை.

"சூடா இருந்தா தண்ணி சீக்கிரம் உள்ள போகும்ல?" என்றபடி கணவர் கேன்டீனிலிருந்து கொதிநீரைப் பிடித்து வந்து ஊற்றியே விட்டார்.

முட்டை வெள்ளையாகத் திரண்டது.

"ஐயோ, அவிச்சுட்டீங்களே! உங்களைக் கூட்டிட்டு வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

"கோபப்படாத. எந்த அறைன்னு விசாரிச்சுட்டேன். இதோ, இதுதான்."

"அடுத்தவங்க வரலாம்!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

மூன்று பேர் அமர்ந்திருந்தார்கள். அவள் டம்ளரை மேசையில் வைத்து, "இந்தச் சவ்வு தண்ணியை விடும், சர்க்கரையை விடாது. அதனாலதான் பாகுல போட்டா..." என்று ஆரம்பித்தாள்.

"பாகு கம்பிப் பதமா?" என்று கேட்டார் தலைவர்.

இவரையெல்லாம் யார் தலைவராக்கினார்கள்? அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். "எந்தப் பதமா இருந்தாலும் சரிங்க. உப்பும் அப்படித்தான். வெள்ளரிக்காய்ல உப்பைத் தூவினா தண்ணி விடுதே, அதே கதை."

"அப்போ காய் வதக்கும்போது உப்பு எப்பப் போடணும்?" கண்ணாடி அணிந்த அம்மாள் பேனாவும் கையுமாக முன்னே சாய்ந்தார்.

"முதல்லயே போட்டா தண்ணி விட்டு வெந்துடும். மொறுமொறுப்பு வேணும்னா கடைசியில போடுங்க!" கிட்டத்தட்டக் கத்தியே விட்டாள். கை பட்டு டம்ளர் கவிழ்ந்தது. முட்டை தலைவரின் கோப்பின் மேல் விழுந்து பிளந்தது.

தலைவர் குனிந்து பார்த்தார். "அரை வேக்காடு," என்று எழுதிக்கொண்டார்.

தொலைந்தது வேலை. வெளியே வந்து, கணவருக்கு முதுகைக் காட்டிப் பெஞ்சில் உட்கார்ந்தாள். கால் மணி நேரத்தில் பியூன் சிரித்தபடி வந்தார்.

"மேடம், சமையல்கலை ஆசிரியர் வேலைக்கு உங்களைத்தான் எடுத்திருக்காங்க!"