அரைகுறைச் சுவர்

இனி அந்தச் சுவரைத் தொடுவதில்லை என்று சபதம் செய்தேன். காரணம் ‘அரைகுறை’ என்கிற ஒரு வார்த்தை.

என் மனைவிக்கு அது எதற்கும் உதவும். நான் வைத்த சோறு அரைகுறை. நான் அடித்த ஆணி அரைகுறை. கூப்பிட்டால் காதில் விழுவது அரைகுறை. போன வாரம் தன் தங்கச்சியிடம் போனில், “எனக்கு வாய்ச்சதே ஒரு அரைகுறை” என்றாள். நான் கேட்டுக்கொண்டே நிற்கிறேன்!

இத்தனைக்கும் சட்டைத் தொழிற்சாலையில் குறை கண்டுபிடிப்பதுதான் என் உத்தியோகம். ஒரு தையல் கோணினாலும் தூக்கி எறிந்துவிடுவேன். என்ன, முன்னறைச் சுவருக்குப் பாதி பெயிண்ட் அடித்துவிட்டுக் காபி குடிக்கப் போனேன். அது போன வருஷம்.

“அந்த வார்த்தையை வாபஸ் வாங்கு. அப்புறம்தான் மீதிச் சுவர்!”

“வேண்டாங்க. அப்படியே இருக்கட்டும். நல்லாத்தான் இருக்கு.”

எனக்குப் பகீர் என்றது. இவள் வாயில் ‘நல்லா இருக்கு’ என்று வந்ததே கிடையாது.

“உங்கம்மா வராங்களா?”

“இல்லையே.”

“ஏதாவது உடைஞ்சிடுச்சா?”

“இல்லைங்க.”

“அப்ப ஏன் சிரிக்கிற?”

“வீட்டுல சிரிக்கக்கூட கூடாதா?”

அன்றைக்குக் காபியை மோந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் பிரஷ்ஷோடு வந்து நின்றான். “மீதியை நான் அடிக்கிறேன் மாமா. நீங்க ரெஸ்ட் எடுங்க.”

எடுத்தேன். பேப்பருக்கு மேலே ஒரு கண். படுபாவி, மேலிருந்து கீழே ஒரு இழுப்பு, குறுக்கே ஒரு இழுப்பு. ஸ்விட்சுக்கும் சேர்த்து அடித்தான். பெயிண்ட் தரைவரை வழிந்தது.

“பிரமாதம்டா!” என்றாள் என் மனைவி.

“என்ன பிரமாதம்? மூலையைப் பாரு, திட்டுத் திட்டா!”

“எங்க? எனக்கு ஒண்ணும் தெரியலையே. இதுவே போதும்டா தம்பி.”

போதுமா? சட்டையாக இருந்திருந்தால் இந்நேரம் குப்பைக்குப் போயிருக்கும். எனக்குக் கை பரபரத்தது.

“இங்க குடுடா அந்தப் பிரஷ்ஷை!”

சாயங்காலம் சுவர் பளபளத்தது. இடுப்புதான் நிமிரவில்லை.

“இப்பச் சொல்லு பார்க்கலாம், அரைகுறைன்னு!”

“வாபஸ் வாங்கிட்டேங்க,” என்றாள் பவ்யமாக.

ஜெயித்துவிட்டேன்! மார்பை நிமிர்த்திக்கொண்டு போய்க் கை கழுவிவிட்டு வந்தேன். சமையலறையில் மச்சினன் கிசுகிசுத்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, அடுத்த ஞாயிறு எந்த ரூமைக் கெடுக்கணும்?”