தோற்க வந்தவன்

டனிஸ்ரன் பந்தை வேண்டுமென்றே பிழையான பக்கத்துக்குத்தான் எறிந்தான். பிடிக்கவேண்டிய மைக்கலோ சப்பாத்து நாடா அவிழ்ந்து, தடுமாறி, அதே பிழையான பக்கத்துக்கு ஓடிக்கொண்டிருந்தான். பந்து நேரே போய் அவன் நெஞ்சில் குந்திக்கொண்டது.

"மனிஃபீக்" என்று பிரெஞ்சில் மெச்சிக் கைதட்டினார் பயிற்றுநர் ஜில்.

புவாண்ட்-கிளேரில் அவர்கள் வேலைசெய்யும் வெயர்ஹவுஸுக்கு ஒரு ஃபுட்போல் குழு உண்டு. முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்து விளையாடுகிற ஃபுட்போல். அதில் குவாட்டர்பேக் என்பவர்தான் பந்தை வாங்கி, யாருக்கு எறிவதென்று தீர்மானிப்பவர். அவரை நிலத்தில் சாய்ப்பதுதான் எதிரணிக்காரர் எல்லோருக்கும் வேலை. 2006 கோடையில் அந்த இடம் காலியாக இருந்தது.

போட்டிக்கு இரண்டே பேர். ஒருவர் ஞானேந்திரன். குழு தொடங்கிய நாள்முதல் ரிசேர்வ். வருடாவருடம் எவனாவது புதுப் பெடியன் வந்து இடத்தைத் தட்டிக்கொண்டு போவான்; மனிதர் வாங்கில் குந்தியிருப்பார். பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கிற இடத்தில் அவருக்காக உச்சுக்கொட்டாத ஆளில்லை. மற்றவன் டனிஸ்ரன். மன்னாரிலிருந்து வந்து ஒரேயொரு குளிர்காலத்தைத்தான் பார்த்திருந்தான்.

அவனுக்கு அந்த இடம் வேண்டாம். ஞானேந்திரனின் மூத்த மகள் ஜென்சிதான் வேண்டும். சம்பந்தம் பேச இங்கே தாய்தகப்பன் இல்லாததால், போன ஞாயிறு பூசை முடிய, வெட்கத்தை விட்டு அவனே வாயைத் திறந்தான். ஞானேந்திரன் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"அதைப் பேந்து கதைப்பம். முதல்லை வந்து பந்து எறிஞ்சு காட்டும்."

ஜென்சி தொலைபேசியில் வேறு கதை சொன்னாள். "அப்பா பாவம். இந்த முறையாவது அவர் வெல்லட்டும். நீங்கள் தோத்துப் போடுங்கோ."

மாமனாராக வரப்போகிறவரிடம் தோற்பதில் என்ன கஷ்டம் என்று டனிஸ்ரனும் ஓம் சொல்லிவிட்டான்.

இப்போது ஞானேந்திரன் எறிந்தார். பந்து அவருடைய சொந்தச் சப்பாத்துக்குப் பக்கத்திலேயே படுத்துவிட்டது.

"கை வழுக்கிப்போச்சு" என்றார்.

டனிஸ்ரன் தோளைப் பிடித்துக்கொண்டு முனகினான். வலது கை ஏலாது என்று காட்டிவிட்டு இடது கையால் எறிந்தான். அந்தக் கையால் அவன் பல்லுக்கூடத் தீட்டியதில்லை. பந்து வடிவாகச் சுழன்று, மைதானத்தின் மறுகரையில் நின்ற குழுக்காரன் யோசெப்பின் கையில் போய் இறங்கியது.

"ரெண்டு கையாலும் எறியிறான்" என்று ஜில் பிரெஞ்சில் யாருக்கோ சொல்வது கேட்டது.

ஞானேந்திரன் அடுத்து எறிந்த பந்து பின்பக்கமாகப் பறந்து, கார் தரிப்பிடத்தில் நின்ற அவருடைய டொயோட்டாவின் கண்ணாடியைப் பதம் பார்த்தது.

"வயசு போட்டுது தம்பி" என்றார் அவர்.

டனிஸ்ரனுக்கு அழுகை வரும்போல் இருந்தது. இவ்வளவு கேவலமாக எறிகிறவரிடம் ஒரு மனிதன் எப்படித்தான் தோற்பது?

இனி எறிவதே இல்லை என்று பந்தைக் கட்டிப்பிடித்தபடி நின்றான். அவனைச் சாய்க்கவென்று எதிரே நிறுத்தியிருந்த மூன்று தடியர்கள் மூன்று பக்கத்தால் பாய்ந்து வந்தார்கள். பயத்தில் கண்ணை மூடிக் குந்திவிட்டான். கண்ணைத் திறந்தபோது மூவரும் ஒருவரோடொருவர் மண்டை மோதிக் கிடந்தார்கள். ஜில் மறுபடியும் கைதட்டினார்.

கடைசியில் தனக்குத் தெரிந்த நாலு பிரெஞ்சுச் சொல்லையும் பொறுக்கி, ஞானேந்திரனுக்கே இடத்தைக் கொடுக்கும்படி கெஞ்சினான். மூத்தவரை மதிக்கத் தெரிந்தவன்தான் குழுவை நடத்தவேண்டும் என்று ஜில் அவனைத் தலைவனாகவும் ஆக்கிவிட்டார். ஞானேந்திரன் மறுபடியும் ரிசேர்வ்.

ஜென்சி கைவிட்டுப் போனாள் என்றே டனிஸ்ரன் நினைத்தான். ஆனால் ஞானேந்திரன் அவனைச் சாப்பிடக் கூப்பிட்டு, கீறல் விழுந்த டொயோட்டாவில் ஏற்றினார். அவருடைய வீடு இருக்கும் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவுக்குப் போகும் வழியில் அவன் மெல்லத் தொடங்கினான்.

"உங்கட இடத்தைப் பறிச்சுப்போட்டன், அங்கிள். நான் விலகுறன்."

ஞானேந்திரன் நடுத்தெருவில் பிரேக் போட்டார்.

"அந்தக் கதையை விடும். வாற ஞாயிறு ரொக்ஸ்பரோக்காரரோடை மச். மரம் வெட்டுற ஆக்கள், ஒவ்வொருத்தனும் அலுமாரி மாதிரி. அதுக்கு நீர்தான் சரி."

வீட்டில் மனைவி மாக்கிரட் ஆட்டிறைச்சிக் கறியை இரண்டாம் முறையும் அள்ளிப் போட்டார்.

"வடிவாச் சாப்பிடும் தம்பி."

"உம்மட விசயத்தை மச் முடியக் கதைப்பம்" என்றார் ஞானேந்திரன்.

ஜென்சி குசினி வாசலில் நின்று சிரித்தாள். தோற்ற மனிதருக்கு இத்தனை பெரிய மனசா என்று டனிஸ்ரனுக்குக் கண் கலங்கிவிட்டது. இவருக்காக எந்த அலுமாரியோடும் மோதலாம் என்று தோன்றியது.

கடைக்குட்டி ஜெயனி கலர்ப் பென்சில்களோடு வந்து அவனுடைய கால்களை மாறிமாறிப் பார்த்தாள்.

"போன வருசம் அக்காவைக் கேட்டு வந்த அண்ணைக்கும் அப்பா இப்பிடித்தான் தோத்துக் குடுத்தவர். அவர் கால் முறிஞ்சு போட்டிருந்த பிளாஸ்டரிலை நான் பூ கீறினனான், உங்கட பிளாஸ்டரிலை என்ன கீற?"