கம்போடியாவுக்கு ஒரு டிரையல்

டிரையல் அண்ணன் ஒத்திகை பார்க்காமல் செய்த ஒரே காரியம், பிறந்தது. சரவணம்பட்டியில் எங்கள் தெருமுனையில் பம்ப்செட் கடை வைத்திருக்கிறார். தொட்டியில் இறக்கி ஓடவிட்டு, தண்ணீர் பீச்சியடிப்பதைக் கண்ணால் பார்க்காமல் ஒரு மோட்டாரையும் வெளியே அனுப்பமாட்டார். அந்தப் பழக்கம் கடையோடு நின்றிருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம். மகள் கல்யாணத்துக்கு முந்தின வாரமே தெருவுக்கு முழுப் பந்தி போட்டு, ரசத்தில் புளி தூக்கல் என்று சமையல்காரரையே மாற்றியவர்.

நிறைய மோட்டார் விற்றதற்காக, மனைவி சரசக்காவோடு அவரைக் கம்போடியாவுக்கு அனுப்புவதாகக் கம்பெனி சொன்னது. அங்கிருக்கும் பழைய கல்கோயில்களை டிவியில் பார்த்து உருகியவர் அக்கா. ஆனால் விமானம் என்றாலே அக்காவுக்குப் பயம். இதே பயத்தால்தான் முன்பு வந்த சிங்கப்பூர்ப் பயணத்தை விட்டுவிட்டு, அதற்குப் பதிலாகக் கம்பெனியிடம் ஃபிரிட்ஜ் வாங்கிக்கொண்டார்கள்.

"நீங்க மட்டும் போய்ட்டு வாங்கண்ணா" என்றேன்.

"அவளில்லாம அந்தக் கோயிலப் பாத்து நான் என்னுங்க தம்பி பண்றது? வெள்ளிக்கிழமைக்குள்ள கம்பெனிக்குச் சொல்லோணும். ஒரு டிரையல் பாத்துப்போடலாமுங்க."

மறுநாளே அவர் வீட்டு ஹால் விமானமாகிவிட்டது. பிளாஸ்டிக் சேர்களை நெருக்கிப் போட்டு, வேட்டி பெல்ட்டால் அக்காவைக் கட்டினார். சக பயணிகளாக என்னையும் என் மனைவியையும் கட்டினார். தட்டில் உப்புமா வந்தது. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ எழுந்தேன்.

"உக்காருங்க தம்பி! பைலட் இன்னும் சொல்லலீங்க."

"பைலட் யாருங்கண்ணா?"

"நாந்தானுங்க."

மேகத்துக்குள் குலுங்கிப் பழகுவதற்கு, கருமத்தம்பட்டி பஸ்ஸின் கடைசி சீட். ஒவ்வொரு வேகத்தடையிலும் "மேகமுங்க, மேகம்!" என்று கூவினார். கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதை விட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஊர்க் கோயில் படிகள் செங்குத்தாம். அதற்கு மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டியின் இரும்பு ஏணி. வெயிலும் பழகட்டும் என்று நட்டநடு மத்தியானத்தில் ஏறச் சொன்னார். அக்கா விறுவிறுவென்று மேலே போய்விட்டார். பின்னால் ஏறிய அண்ணன் பாதியில் கண்ணை மூடித் தொங்கிக்கொண்டு, என்னைக் கூப்பிட்டார். அவரை இறக்குவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் அக்கா, "சரி, வாரேன்னு சொல்லிப்போடுங்க" என்றார்.

அண்ணன் தெருவுக்கே மைசூர்பாகு கொடுத்தார். "டிரையல் பாத்தா எதுவும் ஓடுமுங்க!"

என் மனைவி மட்டும் அக்காவிடம் மெல்லக் கேட்டாள்: "நெசமாவே பயம் போயிருச்சுங்களாக்கா?"

"எங்க கண்ணு போச்சு? அது அப்படியேதான் இருக்குது. ஆனா, மனுசன் எனக்காக ஏணியில தொங்குனதப் பாத்தீல்ல? பயந்துட்டேவாவது போய்ட்டு வாரேன். அவருகிட்டச் சொல்லிப்போடாத."

நாங்கள் இருவரும் அவரிடம் சொல்லவில்லை. அண்ணன் பத்திரிகை படிக்கமாட்டார் என்கிற தைரியத்தில்தான் இங்கே எழுதுகிறேன்.

அடுத்த வாரம் கிளம்புகிறார்கள். தெரு கொஞ்ச நாள் நிம்மதியாக இருக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கோ, இப்போதே அண்ணனைத் தேடுகிறது.